அக்கா தளர்த்தாத கயிறு

எங்கள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒரே பெண் என் அக்கா. வாய் நீளம், கை நிதானம். அவள் புருஷன், அதாவது என் மாமா, கடலுக்குள் இறங்கும் டைவர். அந்த வீட்டில் யார் பேச்சை யார் கேட்பது என்று கல்யாணமான நாளிலிருந்து ஒரு முடிவும் இல்லை.

நூறு வருடத்துக்கு மேல் அலையைத் தாங்கிய கல்சுவரைப் பலப்படுத்தும் வேலை எங்களுக்கு வந்தது. முகப்புக் கற்களைக் கழற்றி, பின்னால் கான்கிரீட் போட்டு, அதே கல்லை அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். புதுத் துளை கூடாது, சங்கிலி சுற்றிக் கீறவும் கூடாது என்று கண்டிப்பு. அதனால் பழைய கொத்தர்கள் கல்லின் தலையில் குடைந்திருந்த துளையிலேயே இரும்பு ஆப்பு இறக்கித் தூக்கினோம். பாரம் இழுக்கும்வரை ஆப்பு கவ்வும். கயிறு தளர்ந்தால் விட்டுவிடும்.

அன்று கல் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மாமாவோடு பேசும் போன் என் கையில். திடீரென்று அலறல்.

"மச்சான், கல்லுக்கும் சுவருக்கும் நடுவுல கை மாட்டிக்கிச்சு! கயிறை லூஸ் விடச் சொல்லுடா!"

காலமெல்லாம் கான்கிரீட் கட்டைகளைச் சங்கிலியில் இறக்கிய பழக்கம். அதில் தளர்த்தினால் கட்டை சாயும், கை வெளியே வந்துவிடும். வலியில் மனுஷனுக்கு ஆப்பு மறந்துபோயிற்று. எனக்கும்தான். வாக்கி டாக்கியில் அப்படியே கத்தினேன்.

"மாட்டேன்," என்றாள் அக்கா.

"ஐயோ, கை நசுங்குதுக்கா!"

"லூஸ் விட்டா ஆப்பு கழண்டு கல்லே அவர் மேல விழும்டா, மடையா! தூக்குறேன். பல்லைக் கடிச்சுக்கச் சொல்லு."

தூக்கினால் கல் கையை அரைத்துக்கொண்டுதான் வரும். அவளுக்கும் அது தெரியும். அவள் சொன்னதைப் போனில் மாமாவிடம் சொன்னேன். மாமா அவள் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். அது என் பரம்பரையும்தான். கயிறு விறைத்தது. போனில் ஒரு கத்தல், பிறகு மூச்சுச் சத்தம் மட்டும்.

அவரை மேலே இழுத்துப் போட்டோம். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அக்கா கல்லைச் சுவர்மேல் வைத்தாள். கயிறு தளர்ந்ததுமே, யாரும் தொடாமல், துளைக்குள் ஆப்பு கடகடவென்று ஆடியது. மாமா அதைப் பார்த்தார். திட்டு பாதியில் நின்றது.

"மேல போடா," என்றார். "அவளால தனியா இறங்க முடியாது."

ஏணியில் ஏறினேன். அக்கா இன்னும் லீவரைப் பிடித்திருந்தாள்.

"எத்தனை விரல்?"

"ரெண்டு."

"ஆளு?"

"நல்லா இருக்காருக்கா. உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

அப்போதுதான் லீவரை விட்டாள்.

"என் கையாலயே எடுத்துட்டேனேடா," என்று என் தோளில் சாய்ந்து அழுதாள்.