மொட்டையடித்த திராட்சைக்கொடி

கத்தரிக்கோல் சத்தம் கேட்டதும் என் நாற்பது வயது மகன் ஓடிவந்தான். "பச்சைக் கொடி லா அம்மா, வெட்டாதீங்க!"

அறுபது வருடங்களுக்கு முன், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்பாவும் இப்படித்தான் அலறினார். அவர் தினமும் தண்ணீர் ஊற்றிய திராட்சைக்கொடி கூரையேறியதே தவிர, காய்க்கவில்லை. அவர் வேலைக்குப் போன நேரத்தில் அம்மா ஓர் இலைகூட விடாமல் வெட்டித் தள்ளிவிட்டாள்.

"மொட்டையடிச்சிட்டியேடி!"

"மொட்டையடிச்சா முடி வளராதா?"

மூன்று நாள் அப்பா கொடிப் பக்கமே போகவில்லை. நான்கு மாதத்தில் கொத்துக் கொத்தாகப் பழம். ரயில் கரி படிந்த ஒன்றைத் துடைத்து வாயில் போட்ட அப்பா, புளிப்பில் கண்ணை மூடிக்கொண்டே பக்கத்து வீட்டாரிடம் சொன்னார்: "கற்கண்டு! நான்தான் வெட்டச் சொன்னேன்."

அம்மா கத்தரிக்கோலை நீட்டினாள். "அடுத்த தடவை நீங்களே வெட்டுங்க."

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நானும் மகனிடம் நீட்டினேன். அவனும் அப்படியே கட்டிக்கொண்டான். சிரித்துக்கொண்டே மிச்சத்தையும் வெட்டினேன்.