சிறுமலை ஏறிய கட்டில் வண்டி

வடமதுரை அமலராணியை எங்கள் சனத்தில் "கட்டில் வண்டிக்காரி" என்று சொன்னால்தான் தெரியும். என் பெரியப்பா மகன் சிலுவைமுத்துவின் மூத்த பெண். எனக்கும் மகள் முறை. சிலுவைமுத்துவுக்கு இரண்டுமே பெண்கள். இளையவள் செல்வராணியைச் சிறுமலையில் வாழைத்தோட்டக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தோம்.

வண்டி, அமலராணியின் புருஷன் சேவியர் வாங்கிய பழைய வேன். வேளாங்கண்ணிக்குப் போகிற குடும்பங்கள் வழியிலேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துப் போக வசதியாக மடக்குக் கட்டில், கேஸ் அடுப்பு, கட்டிலுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்திருந்தார். முதுகு வலி வந்து சேவியரால் உட்கார முடியாமல் போனதும், அமலராணி லைசென்ஸ் எடுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். திருச்சி ரோட்டில் அவள் ஓட்டினால் மடியில் வைத்த காபி சிந்தாது. ஆனால் மேடு என்றால் அந்த வண்டிக்கு மூச்சு வாங்கும். டர்போ வராத காலத்து எஞ்சின். மேம்பாலம் ஏறவே முக்கும்.

செல்வராணியின் மகளுக்கு ஊர் மாதா கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். கூடப்பிறந்தவன் இல்லாதவளுக்கு மாமன் எங்கே? அவள் மாமியார் லூர்தம்மாள் போனிலேயே சொல்லிவிட்டார்.

"பூசை முடியிறதுக்குள்ள சீரும் மாமனும் வரட்டும். இல்லாட்டி எங்க பங்காளி ஒருத்தன் மடியில வச்சுக் குத்திருவோம். பொறந்த வீட்டுல ஆளில்லைன்னு அப்புறம் அழுது பிரயோசனமில்ல."

தங்கச்சி அழுத அழுகையைக் கேட்டுவிட்டு அமலராணி சொன்னாள்: "மாமன் நான்தான்டி. சீரு என் வண்டியில வருது."

வாடகைக்கு வேறு வண்டி பிடிக்கலாமே என்றேன்.

"அதையும் அந்தம்மா சொல்லிக் காட்டும் சித்தப்பு. நம்ம வண்டியே போகட்டும். பாரத்தை மட்டும் கொறைச்சு ஏத்துங்க."

எங்கள் ஆட்கள் குறைத்தா ஏற்றுவார்கள்? சீர்ப் பாத்திரம் வெறுமையாகப் போகக்கூடாது என்று அண்டா நிறைய அரிசியைக் கொட்டினார்கள். வாழை விளைகிற சிறுமலைக்கே வாழைத்தார் ஏற்றினார்கள். தார் இல்லாத சீர் எங்கே இருக்கிறது? சீர்த் தட்டுகள், மாலை போட்ட கிடா, கூடவே சொந்தக்காரர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் வேறு. வழியில் தாகமெடுக்கும் என்று என் சம்சாரம் யாருக்கும் சொல்லாமல் தண்ணீர்த் தொட்டியை முட்ட நிரப்பிவிட்டாள்.

முதல் வளைவுகளில் வண்டி நன்றாகத்தான் போனது. வளைவு வருமுன்னே கியரைக் குறைப்பாள். வெளிப்பக்கமாக அகலத் திருப்புவாள். ஆக்சிலேட்டரைப் போட்டு மிதிக்க மாட்டாள். பாதி மலையில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறியது. ஊருக்கு இரண்டு மைல் இருக்கையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் நின்று, வண்டி பின்னால் நழுவியது. அவள் பிரேக்கைப் பிடித்துக்கொள்ள, நான் குதித்துச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன்.

பின்னால் வந்த ஜீப்காரன் தலையை நீட்டினான். "கட்டில்ல படுத்துத் தூங்கிட்டுக் காலையில போலாமாக்கா?"

"ஒனக்கும் ஒரு கட்டில் இருக்கு, வாரியா தம்பி? வாடகை ஒங்கிட்ட வாங்க மாட்டேன்."

சிரித்துக்கொண்டே ஒதுங்கிப் போனான். அப்போது செல்வராணி போன் போட்டாள். "பூசை ஆரம்பிச்சிருச்சுக்கா. காது குத்துற ஆசாரியும் வந்துட்டாரு."

"வாரேன்டி. அழாம இரு."

சீரில் பாதியை இங்கே இறக்கிவிட்டு மறுநடையில் எடுக்கலாம் என்றேன். என் சம்சாரம் பாய்ந்தாள். "மாமன் சீரை வழியில மண்ணுல வைக்கிறதா?"

"மண்ணுல வேணாம் சின்னம்மா, தலையில வைங்க" என்றாள் அமலராணி. "செத்த நேரம் நடப்போம்."

சொல்லிவிட்டுத் தொட்டிக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் ரோட்டில் ஓடியது.

"அம்புட்டும் நான் மொண்டு ஊத்துனது" என்று என் சம்சாரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தெரியுது சின்னம்மா. வண்டி சொல்லுச்சு."

பானட்டைத் திறந்து வைத்து, முள் இறங்கும்வரை பொறுத்தாள். தட்டுகள் எல்லாம் எங்கள் ஆட்களின் தலைக்கு வந்தன. தார் என் தோளுக்கு. கிடா தானாக நடந்தது. அண்டா மட்டும் உள்ளே. முதல் கியரில் வண்டி நகர்ந்தது. எங்கள் நடைதான் அதன் வேகம். நாங்களும் பின்தங்கவில்லை, அதுவும் நிற்கவில்லை. எத்தனையோ டிரைவர்களோடு மலை ஏறியிருக்கிறேன். அலறாமல் ஓர் எஞ்சினை இப்படித் தட்டிக்கொடுத்து ஏற்றியவளை நான் பார்த்ததில்லை.

பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரம், முன்னால் வேனும் பின்னால் சீர்வரிசையும் மாலை போட்ட கிடாவுமாகக் கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊர் எல்லையிலிருந்து சீர் தூக்கி வருவதைப் பார்த்திருக்கிறார்கள். மலைப்பாதையில் தூக்கி வந்ததை யாரும் பார்த்ததில்லை. வழியில் பார்த்தவர்கள் முன்னமே சேதி சொல்லியிருக்க, லூர்தம்மாள் படியிறங்கி வந்தார்.

"கொண்டை ஊசி வளைவுல இருந்தேவா தூக்கிட்டு வாரீக?"

"எங்க வழக்கம் அப்பிடித்தான் சம்பந்தி" என்றாள் மூச்சு வாங்க என் சம்சாரம்.

அமலராணி இறங்கினாள். கையெல்லாம் கரி. கழுவுவதற்குத் தொட்டிக் குழாயைத் திருகினாள். ஒரு சொட்டு இல்லை. லூர்தம்மாள் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, தன் கையாலேயே ஊற்றினார்.

"போயி உக்காருத்தா. ஆசாரி காத்திருக்காரு."

மணையில் அமலராணி உட்கார, செல்வராணி பிள்ளையை அவள் மடியில் வைத்தாள். ஊசியைப் பார்த்ததும் பிள்ளை வீறிட்டது.

"மெதுவா, ஆசாரி" என்றாள் அமலராணி.

"ஒன் வண்டியை விடவா மெதுவா?" என்றார் லூர்தம்மாள், பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு.