கொசு எண்ணெய் அக்காவுக்கே மலேரியா!

போன வாரம் ரத்த ரிப்போர்ட் வந்துச்சு. எனக்கு மலேரியா!

ஆமாங்க, எனக்கேதான். இதே பேஜ்ல "கொசுவத்தி வேண்டாம், லிக்விட் வேண்டாம், என் எண்ணெய் ஒண்ணு போதும்"னு பக்கம் பக்கமா எழுதின அதே ஆளுக்கு.

(சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சிட்டு வாங்க. வெயிட் பண்றேன்.)

புதுசா வந்தவங்களுக்கு ஒரு வார்த்தை. நான் இருக்கறது காட்டுப்பாக்கம், மாடி போர்ஷன். பூந்தமல்லி நாட்டு மருந்துக் கடையில லெமன்கிராஸ் ஆயிலும் வேப்பெண்ணெயும் வாங்கி, தேங்காய் எண்ணெய்ல கலந்து நானே கொசு எண்ணெய் செய்வேன். கை கால்ல தேய்ச்சுக்கிட்டா கொசு கிட்ட வராது. பொய் இல்லைங்க, நிஜமாவே வராது!

தெருவுல பாதிப் பேருக்கு ஓசியில கொடுத்திருக்கேன். அதுல எனக்கு ஒரு பெருமை, ஒத்துக்கறேன்.

காய்ச்சல் வந்தப்பகூட நான் நம்பல. "ஃபேன் காத்து ஒத்துக்கல"ன்னு சாதிச்சேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர்ல உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. வீட்டுக்காரர்தான் இழுத்துட்டுப் போய் டெஸ்ட் பண்ண வெச்சார்.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் என்னைப் பத்தின பயம் வரல. கீழ் போர்ஷன் நஸ்ரின் நெனப்புதான் வந்துச்சு.

நஸ்ரினுக்கு ஏழாவது மாசம்.

மாசம் ரெண்டு பாட்டில் என் எண்ணெய் அவளுக்குப் போகுது. அதோட விட்டேனா? அவ கொசுவலை கட்டினப்ப, "வலைக்குள்ள காத்தே வராதும்மா, புழுங்கும். கழட்டிடு, அக்கா எண்ணெய் இருக்குல்ல"ன்னு சொன்னதும் நான்தான்!

"சரிக்கா"ன்னு என் எதிர்லயே கழட்டி மடிச்சு வெச்சா.

டாக்டர்கிட்ட கேட்டேன், "மாசமா இருக்கறவங்களுக்கு இது வந்தா என்ன சார் ஆகும்?"

"தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்தும்மா. உடனே டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் நஸ்ரின்கிட்ட, "உடனே டெஸ்ட் பண்ணிடும்மா"ன்னு ஒரே ஒரு வரிதான் சொன்னேன். (என்னைத் தெரிஞ்சவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு தெரியும்.)

மறுநாள் காலைல, என் ரிப்போர்ட் விஷயம் தெரிஞ்சு, சுகாதாரத் துறையில மலேரியா வேலை பார்க்கற மேடம் வீடு தேடி வந்தாங்க. எங்க கட்டடத்துல எல்லாருக்கும் விரல்ல குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டுல தடவிக்கிட்டாங்க. நஸ்ரின் கையை நீட்டினப்ப நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அடுத்தது மொட்டை மாடி. தண்ணி டேங்க்.

"இன்னாக்கா, மூடி பாதி காணோம்?"

"அதனால என்ன மேடம், நல்ல தண்ணிதானே? கொசு சாக்கடைலதானே வரும்?"

"அது வேற கொசு. மலேரியா கொசுக்கு நல்ல தண்ணிதான் வோணும். தோ பாரு!"

நீளக் கரண்டியில தண்ணியை மொண்டு காட்டினாங்க. குட்டிக் குட்டிப் புழு.

"தண்ணி மேல மட்டமா படுத்துகினு கீது பாரு, அதான் மலேரியா கொசு. மத்த கொசுன்னா தலைகீழா தொங்கும்."

எனக்கு மானம் போற மாதிரி ஆயிடுச்சு. ஓடிப் போய் என் பாட்டிலை எடுத்துட்டு வந்து அந்தக் கரண்டியில ரெண்டு சொட்டு விட்டேன். கொஞ்ச நேரத்துல அத்தனை புழுவும் துடிச்சு அடங்கிடுச்சு!

"பாத்தீங்களா!"ன்னேன். (காய்ச்சல்லயும் கெத்து குறையல.)

"சாவுது, யாரு இல்லன்னது? அப்போ டேங்க் ஃபுல்லா ஊத்து. அதே தண்ணில சாம்பார் வெச்சு சாப்டு!"

வீட்டுக்காரர் சிரிச்ச சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

மேடம் விடல. "சரி, எண்ணெய் எப்போ தேய்ப்பே?"

"விளக்கு வெச்சதும்."

"அப்பால?"

"அப்புறம் என்ன, காலைல குளிக்கறப்ப போயிடும்."

"குளிக்கறதுக்கு மின்னாடியே பூட்ச்சுக்கா! அந்த வாசனை ரெண்டு மணி நேரம் நிக்கும், மிஞ்சிப் போனா மூணு. இந்தக் கொசு ராவெல்லாம் கடிக்கும். நீ தூங்கிகினு கீறப்போ யாரு தேச்சு உடறது?"

இத்தனை நாள்ல ஒரு தடவைகூட நான் இதை யோசிக்கல. நான் தப்பா யோசிச்சா எனக்குக் காய்ச்சல், சரி. அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?

டேங்கைக் காலி பண்ணித் தேய்ச்சு, புது மூடி போட்டோம். எனக்குப் பதினாலு நாள் மாத்திரை. நஸ்ரின் ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் போனைக் கீழயே வைக்கல.

அடுத்த நாள் மத்தியானம் மேடம் போன்.

"உன்னைத் தவிர அல்லாருக்கும் ஒண்ணும் இல்லக்கா."

படியில எப்படி இறங்கினேன்னே தெரியல. நஸ்ரின் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன்.

"என் பேச்சைக் கேட்டு வலையைக் கழட்டினியேம்மா. உனக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்!"

அவ நெளிஞ்சா.

"அக்கா... தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மாடி ஏறினதுமே திரும்பக் கட்டிட்டேன்."

"அப்போ எண்ணெய்?"

"அந்த வாசனைக்கு வாந்தி வருதுக்கா. சிங்க் கீழ ஊத்திடுவேன். கரப்பான்பூச்சி ஒண்ணுகூட வர்றதில்லக்கா, சூப்பரா வேலை செய்யுது!"

"அப்புறம் ஏண்டி மாசாமாசம் கேட்டுக் கேட்டு வாங்கினே?"

"கேக்கலன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்க்கா..."

என் பேச்சை ஒருத்தி கேக்கலன்னு சந்தோஷத்துல நான் அழுதது வாழ்க்கையில இதான் முதல் தடவை!

இந்தப் பதிவு எதுக்குன்னா, என்னை நம்பி வலையைக் கழட்டினவங்க இன்னைக்கே திரும்பக் கட்டிடுங்க. எண்ணெய் சாயங்காலம் வாசல்ல நின்னு பேசற நேரத்துக்குத்தான்.

தலையைத் தலையை ஆட்டிட்டு என் எண்ணெயைத் தொடாம இருந்தவங்க யாராச்சும் இருந்தா, கமெண்ட்ல வந்து உண்மையைச் சொல்லுங்க.

சத்தியமா திட்ட மாட்டேன். உங்க ஒவ்வொருத்தருக்கும் தேங்க்ஸ் சொல்லணும்!