கடைசி அப்டேட்டும் ஐந்து பொட்டும்

நன்றாக ஓடுகிற எதையும் அப்படியே விட்டுவைக்க எனக்கு மனம் ஒப்பாது. உத்தமபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். ரோபோ அலமாரியின் பொறுப்பை என்னிடம் கொடுத்ததே தப்பு.

அதில் ஐந்து கண்ட்ரோலர்கள். ரோபோ வண்டிக்கு மூளையே இந்தப் பெட்டிதான். எட்டு வருடமாக மக்கர் பண்ணாமல் ஓடின. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டே ஓடும் வண்டி ஒன்றைச் செய்திருந்தாள். ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம் தேனியில் போட்டி. அதற்காக இரண்டு மாதமாய், தன் ஊரான தேவாரத்துக்குப் போகும் சாயங்கால பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனாள்.

பள்ளியில் ஆயுத பூஜை கும்பிட்ட அன்று மதியம் கணினியில் ஓர் அறிவிப்பு. கண்ட்ரோலரை உள்ளிருந்து இயக்கும் ஃபர்ம்வேருக்கு இந்த மாடலில் இதுதான் கடைசி அப்டேட், இனி வராது என்றது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதலில் ஒன்றில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றில் ஏற்ற வேண்டும். அந்தப் பொறுமை எனக்கு ஏது? ஐந்தையும் ஒரே நேரத்தில் சொருகினேன்.

பாதி ஏறியிருக்கும். அலுவலக உதவியாளர் அக்கா சந்தனம், குங்குமத்தோடு வந்து நின்றார்.

“எல்லாத்தையும் அமத்துங்க டீச்சர். ஓடுற மிஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாது.”

“அஞ்சே நிமிஷம், அக்கா.”

“எத்தன அஞ்சு நிமிஷம்! எச்.எம். அங்கன தட்டோட நிக்கிறாக, சூடம் ஏத்தப் போறாக.”

கணினியை அணைக்க வேண்டாம் என்று திரையிலேயே எழுதியிருந்தது. படித்தேன். படித்துவிட்டுத்தான் மெயின் சுவிட்சைத் தட்டினேன். சாமி காரியமாயிற்றே!

ஐந்துக்கும் அழகாகப் பொட்டு வைத்தோம். அதற்கப்புறம் ஒன்றுகூட உயிர் பிடிக்கவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டால், “அந்த மாடல நிறுத்தியாச்சு மேடம், புதுசு வாங்கிக்கோங்க” என்று வைத்துவிட்டார்கள். பாவி நான், ஒரு பிள்ளையின் இரண்டு மாத உழைப்பில் மண்ணைப் போட்டேன். விடுமுறை முழுக்கச் சோறு இறங்கவில்லை.

பள்ளி திறந்ததும் அவளிடம் சொன்னேன். அழவில்லை. “பழசு நல்லாத்தான டீச்சர் ஓடுச்சு?” என்று மட்டும் கேட்டாள். பிறகு அலமாரிக்கு அடியில் குடைந்து, திரை உடைந்ததென்று நான் எப்போதோ ஒதுக்கிய ஆறாவது கண்ட்ரோலர் பெட்டியை இழுத்தாள். கணினியிலிருந்த தன் நிரலை அதில் ஏற்றி, திரையில் ஒன்றும் தெரியாததால், பொத்தானை அழுத்தும்போது வரும் பீப் சத்தத்தை எண்ணி எண்ணியே ஓட்டப் பழகினாள்.

போட்டியன்று வண்டியைக் கீழே வைத்தபோது ஒரு ஒயர் தளர்ந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. குனிந்தேன்.

“டீச்சர், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.”

மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. வராந்தாவில் நடையாய் நடந்தேன். உள்ளே கைதட்டினார்கள், யாருக்கோ. கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். கோட்டை விடாமல் ஓடியதாம்.

“குடு, நான் தூக்கிட்டு வாரேன்” என்றேன்.

“இருக்கட்டும் டீச்சர்.”

பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். உத்தமபாளையம் வரும்வரை அந்தப் பெட்டியை மடியைவிட்டு இறக்கவில்லை.