அடுப்பு மூட்டிப் பாத்தீங்களா?

தர்மபுரத்தில் நாங்கள் வாங்கிய வீட்டை, வாங்குமுன் நாலு பேர் பார்த்தோம். மேசன் பார்த்தார், தச்சர் பார்த்தார், அப்பா பார்த்தார், நானும் பார்த்தேன். அம்மா மட்டும் பார்க்கவில்லை. எங்கள் குடிசையிலிருந்து அந்த வீடு இரண்டு கட்டை, இரண்டு மைல் தூரம். அம்மாவுக்கு மூச்சிழுப்பு. நாலு வேலி தாண்டுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவார்.

அம்மாவுக்காகத்தான் வீடே. குடிசையில் மண் தரை, ஒரே அறை, அதற்குள்ளேயே அடுப்பு. மாரியில் தரை ஊறும், விறகு நனையும், புகை கூரைக்கும் தலைக்கும் நடுவில் நிற்கும். ஊருக்குள் வந்து மருந்து கொடுத்த டொக்டர் ஒருவர், "ஈரமும் புகையும் ஆகாது, சீமெந்துத் தரை உள்ள இடத்தில் படுக்க வையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். "அவருக்கென்ன, பங்களா பாக்கச் சொல்லிட்டுப் போறாரு" என்று அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. இரண்டு போகம் நெல் ஏமாற்றாமல் வந்திருந்தது. மாட்டையும் விற்றார்.

சண்டைக்குத் தப்பிக் கிளிநொச்சிச் சனமெல்லாம் எங்கள் பக்கம் வந்து மர நிழல்களில் இருந்த காலம். வீடு என்று ஒன்று சும்மா கிடக்காது. ஆனால் இந்த வீட்டில், இடம்பெயர்ந்த பள்ளிக்கூடம் ஒன்றின் மேசை கதிரைகளை முகடு வரை அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றை அப்போதுதான் ஏற்றிப் போனார்கள். வீட்டுக்காரி படிப்பித்து இளைப்பாறிய ஒரு ரீச்சர். தங்கை வீட்டில் இருந்தார். வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் கிடைத்ததும் வவுனியா தாண்டி மகளிடம் போக நினைத்து வீட்டை விற்கிறார் என்று கேள்விப்பட்டு அப்பா போய்ப் பேசினார்.

பேசிவிட்டு வந்தவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்பா பிறந்தது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில், லயத்துக் காம்பராவில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் ஒன்றில். அவருடைய அப்பாவும் அங்கேதான், அவருக்கு அப்பாவும் அங்கேதான். சுவர் இடிந்தால் துரைக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வீட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது. கலவரத்தில் ஓடி வன்னிக்கு வந்த பிறகு போட்டதெல்லாம் குடிசை. "கல்லு வீட்ட எப்படிடி பாக்குறது? எங்க தொட்டுப் பாக்குறது?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அஞ்சாம் வகுப்போடு நின்று, சாமான் சுற்றி வந்த பேப்பர்களை வாசித்து எழுத்துப் பழகியவள். எனக்கு எல்லாம் தெரியும் என்று அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும்தான்.

முதலில் மேசனைக் கூட்டிப் போனோம். தடை போட்டுச் சீமெந்து வராத காலம். அதனால் வேலையில்லாத மேசன். "இப்ப கட்ட ஒண்டுமில்லை அண்ணை, கட்டினதைப் பாக்கிறதுதான் தொழில்" என்றார். கரண்டியைத் திருப்பிப் பிடித்து அதன் காம்பால் சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். அப்பாவும் போய் ஒரு இடத்தில் தட்டிவிட்டு அப்படியே நின்றார்.

"என்னண்ணை, ஆரும் திருப்பித் தட்டுகினமோ?" என்று மேசன் கேட்டார்.

"இல்ல, இந்தப் பக்கம் யாரு இருக்காங்க?"

"வாழை நிக்குது."

லயத்தில் சுவரைத் தட்டினால் அடுத்த காம்பராக்காரர் திருப்பித் தட்டுவார். பிள்ளைப்பேறானாலும் அப்படித்தான் கூப்பிடுவது. அந்த ஞாபகத்தில் நின்றிருக்கிறார் மனிதர். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பின்சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. "ஒரு பாக் சீமெந்து இருந்தா அரை மணித்தியால வேலை. அந்த ஒரு பாக்குக்கு நான் எங்க போக?" என்ற மேசன், வளவில் ஷெல்லுக்குப் பதுங்க வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு, "வீட்டை விட இது திறம்" என்று ஏறி வந்தார்.

அன்று பின்னேரம் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னோம். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "செவரு கெடக்கட்டும். அடுப்பு மூட்டிப் பாத்தீங்களா? பொக வெளிய போகுதா?" என்றார்.

"அது எப்படி மூட்டுறது?" என்றார் அப்பா. "மொத அடுப்பு பால் காய்ச்சத்தான் மூட்டணும். நீ வந்து மூட்டணும். டிராக்டர்ல ஒக்கார வச்சுக் கூட்டிப் போறேன், பாரு."

அம்மாவுக்கு அது பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

அடுத்து தச்சர். ஏணி வைத்து ஏறி ஓடுகளை விலக்கி, அவற்றைத் தாங்கும் ஒவ்வொரு பனஞ்சிலாகையையும் இரும்பு ஊசியால் குத்திப் பார்த்தார். "கறையான் ஒரு சிலாகையில வாய் வைச்சுப் பாத்திருக்கு. பிடிக்கேல்லை, விட்டுட்டுப் போட்டுது" என்றார். இதையும் சொன்னோம். அம்மா திரும்பவும், "அடுப்பு மூட்டிப் பாத்தீங்களா?" என்றார். இந்த முறை நான்தான், "ஒனக்கு ஒன் அடுப்புதான் ஒலகம்" என்று கேலி செய்தேன்.

ரீச்சர் தானாகவே குறைகளைச் சொன்னார். "தெற்கு யன்னல் பூட்டாது. ஆவணியில கிணத்துத் தண்ணி கலங்கும். ஒழுக்கு இல்லை. உள்ளதைச் சொல்லிப்போட்டன்." விற்கிற ஆள் குறை சொல்லி நாங்கள் எங்கே கேட்டிருக்கிறோம்? கங்காணி சொல்லிக் கைநாட்டு வைத்து வைத்து ஏமாந்த வம்சம். நல்லவர் வாயிலிருந்து வந்தாலும் எங்களுக்குச் சந்தேகம்தான். நான் அப்பாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன், "ஒழுக்கு இல்லைன்னு அவங்கதான் சொல்றாங்க. ஓடு பழசு. ஒரு மழை அடிச்சாத்தானே தெரியும்? அது வரைக்கும் பொறுப்போமே."

"எங்க புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா. ரீச்சரும் கோபிக்கவில்லை. "பிள்ளை கதைக்கிறது ஞாயம்தான். எனக்குப் பாஸும் உடனே வராது. மழை வரட்டும்."

அப்போது புரட்டாதி. இன்றைக்கு யார் வந்து கேட்டாலும், பழைய வீடு வாங்குகிறவருக்கு நான் சொன்னது புத்தியான வார்த்தைதான். அதில் ஒரு பிழையும் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு ஆறுவதில்லை.

ஐப்பசி பாதியில் மழை வந்தது. வந்த முதல் மழையே பேய் மழை. விடிந்ததும், ரீச்சர் தந்து வைத்திருந்த வீட்டுத் திறப்பை அப்பா எடுத்துக்கொண்டார். அவருக்குக் கண்ணில் புகை மூட்டம், சொட்டு விழுந்தால் தெரியாது. ஆகவே நானும் போக வேண்டும். "போங்க, போய் நல்லாப் பாத்துட்டு வாங்க. நான் அடுப்புக்கிட்ட ஒக்காந்துக்கிறேன்" என்று அம்மா தன் கையால் சாக்கை மடித்து என் தலையில் கொங்காணியாகப் போட்டுவிட்டார்.

சேர்த்து வைத்திருந்த பழைய பேப்பர்களை நான் கொண்டு போயிருந்தேன். அறை அறையாக விரித்தேன். ஒரு துளி விழுந்தாலும் பேப்பர் காட்டிக் கொடுத்துவிடும். மழை ஓட்டில் கொட்டுகிற சத்தத்தில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்கவில்லை. மத்தியானம் வரை பார்த்தோம், அதற்குப் பிறகும் பார்த்தோம். ஒரு பேப்பரும் நனையவில்லை. அப்பா வெறுங்காலால் தரை முழுக்க நடந்தார். பிறகு நடு அறையின் ஒரு மூலையில் சாய்ந்து படுத்து, "இந்த எடத்துல ஒங்க அம்மா படுக்கட்டும். காத்தும் வருது, சாரலும் அடிக்கல" என்று கத்தினார். அப்படிச் சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. மழை விடட்டும் என்று அங்கேயே இருந்தோம். விடவில்லை. பொழுது சாயும் நேரம் நனைந்துகொண்டே திரும்பினோம்.

குடிசை மூன்று இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. விதைநெல் மூட்டை நனையக் கூடாது என்று அம்மா அதைத் தன் கட்டிலில் ஏற்றி, தன் போர்வையால் மூடியிருந்தார். அவர் இருந்தது கீழே, அடுப்புப் பக்கத்தில், ஈரத்தில். ஈர விறகு. உள்ளே நுழைந்ததும் எனக்கே கண் எரிந்தது. நனைந்து வருவோம் என்று எங்களுக்குச் சாயத் தண்ணி, பால் விடாத தேத்தண்ணி, ஊற்றி, இரண்டு கோப்பையிலும் மூடி வைத்திருந்தார். சூடு ஆறியிருக்கவில்லை.

"ஒழுவுதா?" என்று மூச்சுக்கு நடுவில் கேட்டார்.

"ஒரு சொட்டு இல்ல" என்றார் அப்பா.

அன்று அடுப்பைப் பற்றி அம்மா கேட்கவில்லை. கேட்க மூச்சு இருக்கவில்லை.

உழவு மெசினில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மருந்து வரவேண்டியிருக்கிறது என்றார்கள். வருவதற்குள் மூன்றாம் நாள் விடியற்காலையில் அம்மா போய்விட்டார்.

குடிசைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். பெட்டியை எங்கே வைப்பது என்று எல்லோரும் வாசலில் நின்றபோது ரீச்சர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். "வீட்டுக்குக் கொண்டு வாங்கோ" என்றார்.

கூட வந்த அவருடைய தங்கை, "அக்கா, விக்கிற வீட்டிலயோ? செத்தவீடு நடந்ததை நாளைக்கு ஆர் வாங்குவினம்?" என்று மெல்லத்தான் கேட்டார். மழையிலும் எல்லோருக்கும் கேட்டது.

"என்ர வீடு. நான் சொல்லுறன்" என்றார் ரீச்சர்.

"நாங்கதான் வாங்குறோங்க" என்றார் அப்பா. "இனிமே பாக்குறதுக்கு என்ன இருக்கு."

அப்பா படுத்துப் பார்த்த அதே மூலையில்தான் அம்மாவை வைத்தோம். நான் விரித்த பேப்பர்கள் இன்னும் அங்கேயே கிடந்தன. ஒரு பெண் குனிந்து குனிந்து அவற்றைப் பொறுக்கினாள். எதற்கு விரித்தது என்று அவள் கேட்டாள். நானும் குனிந்து பொறுக்கினேன்.

பிணம் கிடந்த வீட்டில் அன்று அடுப்பு எரியக் கூடாது. அயலார் சோறு கொண்டு வந்தார்கள். காடாற்றிய பிறகுதான் எரிக்கலாம் என்றார்கள். காடாற்றி வந்த அன்று காலையில் குசினிக்குள் போனேன். பால் இல்லை. பால் காய்ச்ச யாருக்கும் மனமும் இல்லை. சாயத் தண்ணிக்குத்தான் கேத்தலை வைத்தேன். விறகு ஈரம். ஊதி ஊதிப் பற்ற வைக்க, புகை முதலில் என் முகத்தைச் சுற்றியது. பிறகு தலை நிமிர்ந்து, புகைக்கூட்டுக்குள் ஏறத் தொடங்கியது.

கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா வெளியே போனார். தூறலில், கிணற்றடியில் நின்று கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக் கூரையைப் பார்த்தார்.

"போகுதா அப்பா?" என்று நான் உள்ளேயிருந்து கேட்டேன்.

"போகுது. நேராப் போகுது" என்றார்.

சாயத் தண்ணி கொதித்து, நான் அடுப்பை அணைத்த பிறகும், அவர் உள்ளே வரவில்லை.