வழித்த முடி

1996 சித்திரையில் பாவாத்தாள் உடுமலைப்பேட்டைப் பக்கம் தங்கை ஊர்க் கோயில் நோன்புக்கு நாலு நாள் போயிருந்தாள். திரும்பி வந்து, கோவை ராம்நகரில் தான் வேலை செய்யும் வீட்டுக் கேட்டைத் திறந்தபோது நாய் பிங்கி ஓடி வரவில்லை. சோபாவுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். தலையிலும் வாலிலும் மட்டும் முடியோடு, உரித்த கோழி மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்கம்மா, யாருங்க இப்படிச் செஞ்சது?"

"சாய்தான். பெங்களூர்ல இருந்து வந்தவன், வெயில்ல நாய்க்கு மூச்சு இளைக்குதுன்னு மெஷின்ல வழிச்சுட்டான். உனக்கும் சீவற வேலை மிச்சம்," என்றாள் வீட்டுக்காரி பத்மாவதி, தன் மகனைச் சொல்லி.

பாவாத்தாள் போய்க் குளியலறை மூலையில் குவிந்து கிடந்த முடியைக் கூட்டி ஒரு பையில் அள்ளினாள். குப்பையில் போடக் கை வரவில்லை. பின்பக்கச் சுவரோரம் வைத்துவிட்டாள்.

வெள்ளைப் பொமரேனியன் அது. ஐந்து வருஷமாக, பாத்திரம் கழுவி முடித்ததும் கோணி விரித்து அதை ஒருக்களித்துப் படுக்கவைப்பாள். லேசாகத் தண்ணீர் தெளித்து, நீண்ட மேல்முடியை இடது கையால் ஒதுக்கி, அடியில் பஞ்சாக அடர்ந்திருக்கும் குட்டை முடியைத் தோலிலிருந்து வெளியே பார்த்துச் சீவுவாள். ஒரு வகிடு முடிந்தால் அடுத்த வகிடு. காதுக்குப் பின்னாலோ கால் இடுக்கிலோ சிக்கு விழுந்தால் கத்தரி எடுக்க மாட்டாள், விரலாலேயே பிரிப்பாள். பங்குனியில் பஞ்சு உதிரும்போது ஒரு மணி நேரம்கூட ஆகும். அந்தப் பஞ்சுதான் வெயிலையும் தாங்குகிறது, வழித்தால் பழையபடி வளராமலும் போகலாம் என்று கால்நடை டாக்டர் சொன்னபோது நாயைப் பிடித்திருந்தவள் பாவாத்தாள். பக்கத்தில் நின்று தலையாட்டியவள் பத்மாவதி.

மூன்றே நாளில் பிங்கியின் முதுகு வெயிலில் சிவந்து புண்ணாயிற்று. அன்று மாலை சாய்கிருஷ்ணாவுக்குப் பெண் கொடுப்பதாக இருந்தவர்கள் வீடு பார்க்க வந்தார்கள். நாய்க்கு என்ன ஆச்சு என்று பெண் வீட்டு அம்மாள் கேட்டாள்.

"வேலைக்காரி ஒழுங்காச் சீவலைங்க. ஒரே சடை. வேற வழியில்லாம சாய் வழிச்சுட்டான்," என்றாள் பத்மாவதி.

காபித் தட்டோடு வந்த பாவாத்தாளுக்குக் காது இரண்டும் எரிந்தன. தட்டை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் அந்தப் பையை எடுத்து வந்தாள். டீப்பாய் மேல் காபி டம்ளர்களுக்கு நடுவில் கவிழ்த்தாள்.

"இதுதானுங்க வழிச்ச முடி. இதுல சடை எங்கீங்க? ஒண்ணே ஒண்ணு எடுத்துக் காட்டுங்க."

"பாவாத்தா, உள்ளே போ."

"போறேனுங்க. காட்டுங்க, போறேன். தம்பி, நீங்களாவது தேடிப் பாருங்க."

சாய்கிருஷ்ணா தரையைப் பார்த்தான். வந்த அம்மாள் ஒரு கொத்தை எடுத்து விரலால் இழுத்தாள். பஞ்சு மாதிரி பிரிந்து வந்தது. அதைத் திரும்பக் குவியலில் வைத்தாள்.

"நாய் முடிக்கா இத்தனை பேச்சு?" என்றாள் பத்மாவதி.

"நாய் உங்குளுதுங்க. வழிக்க வேண்டாம்னு டாக்டர் சொன்னது உங்களுக்கும் தெரியுமுங்க. தெரிஞ்சும் செஞ்சுபோட்டு எம்பேர எதுக்குங்க இழுக்கறீங்க?"

அத்தனை கோபத்திலும் ஒரு 'ங்க' குறையவில்லை. கெட்ட வார்த்தை ஏதாவது பேசியிருந்தால் பத்மாவதிக்கு விரட்டிவிட வசதியாக இருந்திருக்கும். பாவாத்தாள் தானாகவே படியிறங்கிப் போனாள். மறுநாள் டிரைவர் வந்து கூப்பிட்டும் போகவில்லை. அடுத்த வாரம் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஐப்பசியில் பத்மாவதியே நாயைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். முதுகில் முடி திட்டுத்திட்டாக முளைத்திருந்தது. முளைத்த இடத்திலெல்லாம் இப்போது நிஜமாகவே சடை.

"யார் தொட்டாலும் கடிக்குது, பாவாத்தா."

பாவாத்தாள் நாயை வாங்கிக் கோணியில் படுக்கவைத்தாள். அது கடிக்கவில்லை. சடை பிரித்துச் சீவி முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. பத்மாவதி ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளையிலிருந்து வேலைக்கு வர்றியா?"

"வரலீங்க. நாயக் கொண்டாங்க, சீவித் தாரேன். அந்தப் பொண்ணு ஊட்டுக்காரங்ககிட்ட நெசத்தச் சொல்லிட்டீங்களா?"

"அதெல்லாம் அவங்க எப்பவோ மறந்திருப்பாங்க."

"நான் மறக்கலீங்க."

பிங்கி சாகும்வரை, மூன்று வருஷம், ஞாயிற்றுக்கிழமைதோறும் கார் வந்தது. சீவி முடியும்வரை பத்மாவதி வெளியே காரிலேயே இருப்பாள். உள்ளே வாங்க என்று பாவாத்தாள் ஒரு நாளும் கூப்பிடவில்லை.