பிரட்டில் அளந்த பொறுமை

தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, என்றால் துரையின் கோபத்தைத் தமிழிலும், தொழிலாளியின் கோபத்தை இங்கிலீஷிலும் மாற்றிச் சொல்லி இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்பவன் என்பது உங்களில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

லாந்தர் பரீட்சை

ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். மலாயாவில் மூவார் பக்கத்து எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக வந்த சின்னத் துரை மனோதத்துவப் புத்தகம் படிப்பவர். மனிதர்களை நல்லவன், கெட்டவன் என்று பிரிக்கக் கூடாது; பொறுமையும் சிடுசிடுப்பும் எல்லாரிடமும் உண்டு, அளவுதான் வேறு என்பார். கேட்கவே எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவர் அளக்கத் தேர்ந்தெடுத்த இடம், விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பிரட்டு.

வேலைக்குப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் கொட்டகைக்கு ஆயா தேவைப்பட்டது. செல்லம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கி, பால்வெட்டும் கத்தியைப் பிடிக்க முடியவில்லை. மகளை இங்கேயே கட்டிக்கொடுத்தவள். இந்த வேலை கிடைக்காவிட்டால் மகளை விட்டுவிட்டுக் கப்பலேற வேண்டும். துரை லாந்தரைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்து, "பொறுமை கம்மி, சிடுசிடுப்பு அதிகம்" என்றார். நான் தமிழில் சொன்னேன். அவள் கேட்டாள்:

"விடியாத நேரத்துல கொசுக்கடியில நிறுத்தி வச்சா யாருக்குங்க கிராணி ஐயா சிரிப்பு வரும்?"

சிரித்த முகம்

பிரட்டிலும் சிரித்துக்கொண்டு நின்றவள் பச்சையம்மா ஒருத்திதான். வேலை அவளுக்குப் போனது. ஒரு வாரத்துக்குள் தாய்மார்களின் புகாரைச் சுமந்துகொண்டு கங்காணி ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார்.

"புள்ள அழுதாலும் பச்சையம்மா சிரிக்குது, கஞ்சி கொட்டுனாலும் சிரிக்குது. அது பொறுமை இல்லீங்க துரை, தூக்கம்."

கொட்டகை வாசல்

நேரில் பார்ப்போம் என்று துரை என்னையும் கூட்டிக்கொண்டு மழையில் நடந்தார். கொட்டகையில் செல்லம்மா! யாரும் கூப்பிடாமலே வந்திருக்கிறாள். காய்ச்சல்காரக் குழந்தை ஒன்று அவள் மடியில். கஞ்சியைத் துப்பத் துப்பத் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினாள். வாய் மட்டும் ஓயாமல் பச்சையம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தது. துரை நனைந்தபடியே வெகுநேரம் பார்த்தார். "சிடுசிடுப்பு இருக்கிறது, கிராணி. பொறுமையும் இருக்கிறது. நான்தான் பாதியை அளந்தேன்" என்றார்.

மறுநாள் பிரட்டில், எல்லார் முன்னாலும் தான் தப்பாகக் கணித்ததாக ஒப்புக்கொண்டு அவளுக்கு வேலையைக் கொடுத்தார். எத்தனையோ துரைகளைப் பார்த்திருக்கிறேன். அன்று அவர்மேல் வந்த மரியாதை வேறு யார்மேலும் வந்ததில்லை. செல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே கடுகடுத்த முகத்தோடு கேட்டாள்:

"இப்பவே சிரிக்கணுமா ஐயா, விடிஞ்சப்புறம் சிரிச்சா போதுமா?"

அன்று முதல் துரை பிரட்டில் யார் முகத்துக்கு நேரேயும் லாந்தரைத் தூக்கவில்லை; நானும் என் முகத்தை விடியும்வரை இஷ்டப்படி வைத்துக்கொண்டேன்.